எருமைக்கல் குழியில் ஒரு நெருப்புக்கோழி மணி

ஜனவரி 9, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. கிருஷ்ணகிரியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ், பிறகு ஜீப், பிறகு நடராஜா சர்வீஸ். எருமைக்கல் என்பது ஊர் இல்லை, ஒரு பாறை. எருமை படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டேன், எனக்கு எருமை தெரியவில்லை. அதன் அடியில் ஒரு குடைவு இருக்கிறது. அந்த நிழலில்தான் எங்கள் அகழாய்வுக் குழி.

போன வருஷம் இங்கே நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் மூன்று சில்லுகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. ஒரு காலத்தில் இந்தியாவில் அந்தப் பறவை ஓடித் திரிந்தது என்று சொன்னால் என் அம்மாகூட நம்பமாட்டாள். ஆனால் சில்லு மட்டும் போதாது. சில்லு கிடைத்தால் பறவை இருந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். துளை போட்ட மணி ஒன்று, ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டால், அந்த முட்டை ஓட்டை எடுத்து உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு மனுஷி இங்கே இருந்தாள் என்று அர்த்தம். மனுஷனாகவும் இருக்கலாம். எனக்கு மனுஷி.

இது கடைசிப் பருவம். மே 31-ஆம் தேதியோடு திட்டமும் முடிகிறது, என் ஒப்பந்தமும் முடிகிறது. மணி கிடைத்தால் திட்டம் நீளும், எனக்கும் நிரந்தர வேலைக்கு வழி பிறக்கும் என்று குணசிங் சார் சொன்னார். அவர்தான் எங்கள் இயக்குநர். நாசரேத்துக்காரர். நானும் தெற்குதான், கல்லிடைக்குறிச்சி. அதனால் திட்டும்போது மட்டும் எங்கள் ஊர்ப் பாஷையில் திட்டுவார்.

ஜனவரி 12, வெள்ளி

இன்று சாப்பாட்டு நேரத்தில், குழி மண்ணைச் சலிக்கும் சல்லடைப் பெண்களுக்கு நெருப்புக்கோழிப் புராணம் நடத்தினேன். எகிப்தில் செத்தவனுடைய இதயத்தைத் தராசில் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் இந்தப் பறவையின் இறகை வைத்து நிறுப்பார்களாம். இறகு சத்தியத்தின் தேவதையுடையது. இதயம் கனத்தால் தொலைந்தான். ஈராக் பக்கம் ராஜா ராணிகளைப் புதைக்கும்போது முட்டையின் தலையைச் சீவி, தங்கம் கட்டிக் கிண்ணமாக்கிக் கூடவே வைத்தார்கள். ஆப்பிரிக்காவின் தெற்கில் முட்டையில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ரொப்பி, மணலில் புதைத்து வைத்துக் கோடையில் தோண்டிக் குடித்தார்கள். யாருடையது என்று தெரிய ஓட்டில் கோடு கிழித்து வைத்தார்கள். தூரத்து உறவுக்கு அனுப்பும் சீர் என்றால் ஓட்டு மணிச் சரம்தான். இன்றைக்கும் சில சர்ச்சுகளிலும் மசூதிகளிலும் விளக்குச் சங்கிலியில் இந்த முட்டை தொங்குகிறது.

எனக்குச் சொல்லச் சொல்ல உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. கௌரம்மா அக்கா புளிச்சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் சரி மேடம். ஒரு முட்டைய ஒடச்சா எத்தினி பேருக்கு ஆம்லெட் ஆவும்?"

"இருபத்தி நாலு கோழி முட்டைக்குச் சமம்க்கா."

"அப்போ அதான் சங்கதி. வயித்துக்குத் துன்னுட்டு ஓட்டக் கழுத்துல போட்டுக்கினா. பொம்பள புத்தி எங்கியும் ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஐந்து வருஷம் படித்து எழுதிய ஆய்வுச் சுருக்கத்தில் இவ்வளவு தெளிவாக எழுதவில்லை. கௌரம்மாதான் இங்கே சல்லடைக்குத் தலைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கோடையில் மாங்கூழ் ஆலைக்குப் போவார், மற்ற நாளில் எங்களிடம். கடுகு அளவு எலும்பைக்கூட விடமாட்டார்.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்தது. ஒரு பண்ணையிலிருந்து வாங்கி வந்த புது முட்டை ஓட்டில் மணி செய்து பழகுகிறேன். பழைய மணி கிடைத்தால் ஒப்பிட வேண்டுமே. இரும்பு கிடையாது, எல்லாம் கல். ஓட்டைச் சில்லாக உடைத்து, கூரான வெள்ளைக்கல்லைக் குச்சியில் கட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்துப் போல உருட்ட வேண்டும். முக்கால்வாசி துளை போனதும் சில்லு இரண்டாகப் பிளந்துவிடும். இன்று ஒன்பது சில்லு போயிற்று. ஒரு மணிகூட இல்லை. கையில் கொப்புளம் மட்டும் உருப்படியாக வந்தது.

ஜனவரி 27, சனி

பன்னிரண்டு! பன்னிரண்டு மணிகள்! நரம்பில் கோத்துக் கல்லில் இழைத்து முடித்தேன். ஒவ்வொன்றும் நாலு மில்லிமீட்டர் சொச்சம். கௌரம்மா சரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்காமா பத்து நாளு? சந்தையில பத்து ரூவாக்கி ஒரு கொத்து குடுப்பான்" என்றார்.

ஜனவரி 29, திங்கள்

மண்ணில் கிடந்தால் ஓட்டில் என்ன நிறம் ஏறுகிறது என்று பார்க்க ஆசை. குழியிலிருந்து செம்மண் எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, மண் சுமக்கும் இரும்புப் பாண்டு ஒன்றில் மணிகளைப் புதைத்து, சல்லடைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் நிழலில் வைத்தேன். போலி எதையும் குழிப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது சாருடைய சட்டம். ஆனால் அதே மண், அதே ஈரம் வேண்டும் என்றால் வேறு எங்கே போவது? ஒரு வாரம்தானே. சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 5, திங்கள்

பருவம் தப்பிய மழை. காற்றில் தார்ப்பாய் பறந்து என் பாண்டு கவிழ்ந்துவிட்டது. நான் போவதற்குள் யாரோ சிந்திய மண்ணைக் கூட்டிவிட்டிருந்தார்கள். மணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். பதினொன்று கிடைத்தது. இன்னொன்று எங்காவது கிடக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிறம் நன்றாகவே ஏறியிருக்கிறது. சாரிடம் சொல்லவில்லை, வீணாக எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

துவைத்துப் போட்ட இரண்டு சுடிதாரும் நனைந்துவிட்டன.

பிப்ரவரி 8, வியாழன்

கிடைத்துவிட்டது!

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும். காலை பதினொன்றே கால். நான் குழிக்குள் குனிந்து மண்ணடுக்கு வரைந்துகொண்டிருந்தேன். மேலே சல்லடைச் சத்தம் சட்டென்று நின்றது. கௌரம்மா வாயைத் திறந்தாலே மலை அதிரும். அவர் அமைதியாக, "மேடம், இங்க வாங்க" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் உள்ளங்கையில், ரேகைக்கு நடுவில், ஒரு மணி. செம்மண் ஏறிய பழுப்பு. நடுவில் துளை. இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் ஆழத்து மண். நான் கத்தினேன். சார் ஓடி வந்தார், அறுபது வயதில், வழுக்கும் சரிவில், செருப்பில்லாமல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ஏ பிள்ளே..." என்றார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. நானும் கௌரம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அவர் தலையிலிருந்த சும்மாடு எங்கோ போய் விழுந்தது.

அபூர்வமாக ஏதாவது கிடைத்தால் கண்டெடுத்தவருக்கு ஒரு புதுச்சேலையும் ஒரு போட்டோவும் தருவது சாருடைய வழக்கம். இருபது வருஷமாகச் செய்கிறார். கௌரம்மா மயில்கழுத்து நிறம் கேட்டிருக்கிறார்.

நான் பிறந்த பலனை அடைந்துவிட்டேன். மிகைதான், ஆனால் இன்றைக்கு மிகையாகத்தான் எழுதுவேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

வாயெல்லாம் பல்லாகத் திரிகிறேன்.

பிப்ரவரி 14, புதன்

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மயில்கழுத்துச் சேலையில் கௌரம்மா, கையில் சல்லடை. "சிரிங்கம்மா" என்றால் மந்திரி மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். சார் சென்னைக்கும் டெல்லிக்கும் கடிதம் அனுப்பிவிட்டார். என் பெயரையும் ஆய்வுக் கட்டுரையில் இரண்டாவதாகப் போடுகிறார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்தக் கோழி மணிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 17, சனி

டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்னுடையவை கொஞ்சம் பெரியவை என்று நினைக்கிறேன். அளக்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

அறையைக் கூட்டினேன். பெட்ஷீட் துவைத்தேன். சந்தையில் முருங்கைக்காய் மலிவு. அளக்க நேரமில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

பாண்டு வைத்திருந்த இடத்தைச் சும்மா கிளறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "இன்னா தேட்றீங்க?" என்று கௌரம்மா கேட்டார். தோட்டின் திருகாணி என்றேன். அவரும் கொஞ்ச நேரம் கூடவே தேடினார். என் காதில் இரண்டு தோடும் திருகாணியோடு இருந்தன.

பிப்ரவரி 23, வெள்ளி

அளந்தேன். என்னுடையவை 4.0-லிருந்து 4.5 வரை. அது 4.2. கனமும் அதே அளவு. துளையில் கல் சுற்றிய வரியும் அதேபோல்தான் தெரிகிறது. நான் அவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்திருக்கிறேன்.

ஆனாலும் அது மேல்மண்ணிலிருந்து வரவில்லை, இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. சல்லடைக்கு வந்த மண் எல்லாமே இரண்டு மீட்டர் மண்தானா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்.

மார்ச் 1, வெள்ளி

சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மணியை நுண்ணோக்கியில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். "பழசா இருக்கலாம், புதுசாவும் இருக்கலாம். இதை எடுத்தது யாரு?" என்றார். சார் கௌரம்மாவைக் காட்டினார்.

"சேலை குடுக்கிற வழக்கம் உண்டாமே? அப்போ கூலிக்காரங்க எங்கயாவது வாங்கிட்டு வந்து போடத்தான் செய்வாங்க. நான் எத்தனை இடத்துல பார்த்திருக்கேன்."

கௌரம்மா ஐந்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். சல்லடையைக் கீழே வைத்தார். சார் அந்த ஆளோடு வாதாடத்தான் செய்தார். கடைசியில் கௌரம்மாவிடம் வந்து, விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

நான் அங்கேதான் இருந்தேன். என் கையில் நோட்டு இருந்தது. தேதி போட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

கௌரம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டில் போட்டு உட்கார வைத்தார். கொடியில் மயில்கழுத்துச் சேலை இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"ஊர்ல கண்ட கழுதையும் கேக்குது மேடம், எந்தக் கடையில மணி வாங்கினேன்னு. நான் வெக்கலை."

"தெரியும்க்கா."

"எப்பிடித் தெரியும்?"

அவர் எழுந்து போய் மோர் கொண்டு வந்தார். நான் குடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கி மழையில உங்க பாண்டு கவுந்துச்சே, அந்த மணிங்கோ எல்லாம் கெடச்சிதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எத்தினி கொறையுது?"

"ஒண்ணு."

"அதான் நெனச்சேன். சிந்துன மண்ணக் கூட்டுனது நான்தான். சல்லடைக்கிப் போற மண்ணுன்னு கூடையில போட்டுட்டேன். அந்த ஆளு பேசசொல்ல உங்கள ஒரு தபா பார்த்தேன். நீங்க எழுதிக்கினு இருந்தீங்க."

"ஏன்க்கா அப்பவே சொல்லலை?"

"சொன்னா உங்க வேல பூடும். எனக்கு இது இல்லன்னா மாங்கா ஆலை. உங்களுக்கு இன்னா இருக்குது?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாண்டு, மழை, பதினொன்று, அளந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"குழிப் பக்கம் போலி கொண்டாராதன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

"தப்புதான் சார்."

"பாண்டு கவுந்தது தப்பு இல்லட்டீ. அந்தப் பொம்பளைய நான் வீட்டுக்கு அனுப்பும்போது நீ பாத்துட்டு நின்ன பாரு, அது தப்பு."

அப்போதே ஜீப்பை எடுக்கச் சொல்லி நேராகக் கௌரம்மா வீட்டுக்குப் போனோம். ஊர் பார்க்க சார் அவர் காலில் விழாத குறையாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். கௌரம்மா, "நிமிருங்க, மாடு பார்த்து மெரளுது" என்றார்.

பிறகு சார் விஷயத்தைச் சொன்னார். நெருப்புக்கோழி ஓட்டுக்குக் கரிமக் காலக்கணிப்பு செய்யலாம். அது ஒன்றுதான் உறுதி. ஆனால் மணி மிகச் சின்னது, இருபத்தி நாலு மில்லிகிராம். மேல் பரப்பை எல்லாம் சுத்தம் செய்தபின் மிஞ்சுவது முழுவதையும் அமிலத்தில் கரைத்தால்தான் கணக்கு வரும். என்ன விடை வந்தாலும் மணி திரும்பி வராது. சந்தேகப் பொருள் என்று எழுதிப் பெட்டியில் பூட்டிவிட்டால், மணி பத்திரமாக இருக்கும், சந்தேகமும் பத்திரமாக இருக்கும்.

"கண்டெடுத்தது நீங்க. நீங்க சொல்லுங்கம்மா" என்றார் சார்.

கௌரம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார்.

"மேடம் பண்ணதா இருந்தா போனா போவுது, இன்னொண்ணு பண்ணிக்கலாம். பழசா இருந்தா?"

"பழசுன்னு தெரியும். ஆனா கையில இருக்காது."

"பொய்யின்னு ஒரு பேச்சோட அது பொட்டியில கெடக்க வாணாம். கரைச்சிடுங்க."

மார்ச் 12, செவ்வாய்

மணியை எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம், அச்சு எடுத்தோம். அனுப்புவதற்கு முன் கௌரம்மா ஒரு தடவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் மணி என்று பார்த்தால் என் மணி மாதிரி இருந்தது. பழசு என்று பார்த்தால் உலகத்திலேயே பழசாக இருந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட ஊருக்குப் போய் வந்தேன். ஆய்வகத்திலிருந்து தகவல் இல்லை. குழியில் இன்னும் நான்கு சில்லு கிடைத்தது. மணி எதுவும் இல்லை.

மே 31, வெள்ளி

ஒப்பந்தம் முடிந்தது. குழியில் மணல் நிரப்பி மூடினோம். கட்டுரையிலிருந்து என் பெயரை நானே எடுக்கச் சொல்லிவிட்டேன். பெட்டியில் இரண்டு சுடிதார், பதினொரு மணி, ஒரு கொப்புளத் தழும்பு.

ஜூன் 14, வெள்ளி

காலை பத்து மணி, கல்லிடைக்குறிச்சி. அம்மாவுக்காக ரேஷன் வரிசையில் நிற்கிறேன். சார் போன் செய்தார்.

"இசக்கி, உக்காந்துக்கிட்டியா?"

"வரிசையில நிக்கேன் சார்."

"முப்பத்தோராயிரம்."

"என்ன சார்?"

"முப்பத்தோராயிரம் வருஷம், முன்னப்பின்ன நானூறு. உன் மணி இல்லட்டீ! உன் மணி இல்ல!"

நான் ரேஷன் கடை வாசலில் கத்திய கத்தலில் எடை போடுகிறவர் சர்க்கரையைக் கொட்டிவிட்டார். பொருள் வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். "அது என்னுது இல்லம்மா" என்றேன். ஒரு பொருள் நம்முடையது இல்லை என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். என் பன்னிரண்டாவது மணி அன்றைய மழையிலேயே சரிவில் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. அப்படியென்றால் உண்மையான மணியைக் கரைத்துவிட்டோம். முப்பத்தோராயிரம் வருஷம் மண்ணுக்குள் முழுசாக இருந்தது. என் பாண்டும் என் மௌனமும் இல்லாவிட்டால் யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள், அது இன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்திருக்கும். ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. நேற்று பஸ் பிடித்து இன்று காலை மாங்கூழ் ஆலைக்கே போனேன். இது மாம்பழப் பருவம், ஞாயிறும் வேலை. ஊரே மாம்பழ வாசனை, ஈ மொய்க்கிறது. காவலாளி உள்ளே ஆள் அனுப்பினார். கௌரம்மா முழங்கை வரை மஞ்சளாக வந்தார்.

"பழசுக்கா. நிஜம். முப்பத்தோராயிரம் வருஷம்."

அவர் கையைத் துடைக்கத் துணி தேடினார். கிடைக்காமல் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டார்.

"அப்போ மணி?"

"இல்லக்கா. கரைஞ்சு போச்சு. என்னாலதான். நான் மட்டும்..."

"இருங்க, இருங்க." என்னைக் கையமர்த்தினார். கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார். "அதப் பண்ண பொம்பள கழுத்துல போட்டுக்கினு இருந்தா. நூலு அறுந்து வுழுந்துச்சி. அப்பறம் யாரும் தொடலியே?"

"யாரும் தொடலை. மண்ணுக்குள்ளயே இருந்துச்சு."

"அவ கைக்கி அப்பறம் என் கை."

"ஆமாக்கா. அவங்க கைக்கு அப்புறம் உங்க கைதான்."

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மாங்கூழ் ரேகையில் காய்ந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன், அதற்கு அவர் இடமே தரவில்லை. உள்ளே யாரோ அவர் பெயரைச் சொல்லி அதட்டினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"அடியே, எந்தக் கடையில வாங்குனன்னு கேட்டீங்களே! கடைக்காரி முப்பத்தோராயிரம் வருசத்துக்கு முந்தி செத்துட்டாளாம், போய்க் கேளுங்கடி!"